ஒண்டிக்கட்டை கேஸ்

"வீட்டில் யாரும் இல்லை" என்று கதவு சொன்னபோது அவள் சமையலறையில் நின்று டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

இனிமையான குரல்தான். அதட்டவும் கூடாது, குழையவும் கூடாது, ஆஸ்பத்திரி வரவேற்பில் பேசுகிற பெண்ணைப் போல நம்பிக்கை தர வேண்டும் என்று பல குரல்களைப் போட்டுக் கேட்டு அவளுடைய கம்பெனியே பொறுக்கி எடுத்த குரல். அது ஓய்ந்ததும் கதவின் வயிற்றுக்குள் எஃகுத் தண்டு ஒன்று நிதானமாக நகர்ந்து, சுவரின் துளைக்குள் போய் உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம் ஃபிரிட்ஜின் முனகல். அப்புறம் வடிகட்டியிலிருந்து சொட்டுகிற டீ. கணவனும் பாப்பாவும் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பி லிஃப்டில் இறங்கிய சத்தம்கூட இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. அதற்குள் வீடு இப்படி வாயைத் திறந்தது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"நான் இருக்கேனே" என்றாள், டம்ளரைப் பார்த்து.

ஆள் எண்ணும் பூட்டு. அப்படித்தான் விளம்பரம். உடம்புச் சூட்டையும் காலடி அதிர்வையும் வைத்து வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். கடைசி ஆள் வெளியே போனதும் தானே பூட்டிக்கொள்ளும். அதோடு விடாது. உள்பக்கத்துக் கைப்பிடியையும் செயலிழக்க வைத்துவிடும். ஜன்னல் வழியாகத் திருடன் நுழைந்தாலும் மூட்டையோடு வாசல் வழியாகப் போக முடியாது, மாட்டிக்கொண்டு விழிப்பான் என்று கம்பெனிக்கு அதில் ஒரே பெருமை. அவள் அந்தக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் மூத்தவள். அதிகப் புகார்களை முடித்து வைத்ததற்காக மேடையில் கைதட்டல், ஒரு பூங்கொத்து, இந்தப் பூட்டு. மாட்டி முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. புது பிளாஸ்டிக்கின் வாடை கதவைச் சுற்றி இன்னும் இருந்தது.

டம்ளரோடு ஹாலுக்கு வந்து, போகிற பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி பூட்டின் முன்னால் கையை ஆட்டினாள். நீல விளக்கு எரிந்தது. சற்று யோசித்தது.

"வரவேற்கிறோம். வீட்டில் ஒருவர்."

நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வெளியே வந்தது. ஒரு பூட்டு தன்னை ஒத்துக்கொண்டதற்கு இவ்வளவு நிம்மதியா என்று உடனே எரிச்சலும் வந்தது.

இந்தப் புகார் அவளுக்குப் புதிது இல்லை. ஆபீசில் இதற்குப் பெயரே உண்டு: ஒண்டிக்கட்டை கேஸ். தனியாக இருப்பவர்களிடமிருந்துதான் வரும். பூட்டு என்னை எண்ணவில்லை, நான் உள்ளே இருக்கும்போதே பூட்டிக்கொள்கிறது என்பார்கள். திரும்பி வந்த பூட்டைக் கண்ணாடி அறையில் வைத்துச் சோதிப்பார்கள். சோதனைக்கு இரண்டு பேர் உட்கார வேண்டும் என்பது விதி, டெக்னீஷியன் ஒருவர், சாட்சிக்குப் புகார்ப் பிரிவிலிருந்து ஒருவர். ஒருத்தரே இருந்தால் வேண்டிய மாதிரி எழுதிவிடலாம் அல்லவா, அதனால். அவளே எத்தனையோ முறை அந்த அறையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பூட்டு ஒரு தடவைகூடத் தப்பாக எண்ணியதில்லை. "வீட்டில் இருவர்" என்று அழகாகச் சொல்லும். குறை இல்லை என்று முத்திரை குத்தி அதே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் மட்டும் லேசில் விடவில்லை.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்தா ரெண்டுங்குதும்மா. அவ போயிட்டா யாரும் இல்லைங்குது. நான் இங்கேயேதான் உக்காந்திருக்கேன்."

"கொஞ்சம் நடமாடிக்கிட்டே இருங்கம்மா. அப்பத்தானே அதுக்குத் தெரியும்."

"நீங்க ஒரே ஒருத்தர் மட்டும் அந்த ரூம்ல இருந்து சோதிச்சுப் பாருங்களேன். ஒரு தடவை."

"அதுக்கு விதியில இடம் இல்லம்மா."

இதைச் சொல்லிவிட்டு, போனின் வாயை அடைத்துக்கொண்டு அவள் உதட்டைப் பிதுக்க, பக்கத்து இருக்கையில் இருந்த இளம்பெண் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டாள். அந்தப் பெண்ணை எல்லாரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை கற்றுக்கொடுத்ததே இவள்தான். "பேச ஆள் இல்லாம கூப்பிடுறாங்க தங்கச்சி, வேற ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாள்ல தானா அடங்கிடும்." அடங்கித்தான் போனது. டீச்சரின் கடைசி அழைப்பில் பேச்சே இல்லை. வெறும் இரைச்சல். மூன்று முறை ஹலோ சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் பதில் தரவில்லை என்று புகாரை முடித்தாள். ஒண்டிக்கட்டை கேஸ் எல்லாமே அப்படித்தான் முடியும். மேடைக் கைதட்டலில் பாதி அவற்றுக்குத்தான்.

அன்று ராத்திரி அவள் ஆசை தீரத் தூங்கினாள். அதற்காகத்தான் ஊருக்கு வரவில்லை என்று சொல்லியிருந்தாள். பாப்பா பள்ளிக்கூடம் சேர்ந்ததிலிருந்து ஒரு நாள்கூட வெயில் வரும்வரை தூங்கியதில்லை. "ரெண்டே நாள் என்னைத் தனியா விடுங்க" என்று கணவனிடம் கெஞ்சிய குரல், கண் மூடும்போது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

மறுநாள் பால் வாங்கக் கிளம்பியபோது கைப்பிடி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எதையும் பிடிக்காமல், பல் விழுந்த வாய் மெல்லுகிற மாதிரி.

"வீட்டில் யாரும் இல்லை."

கையை ஆட்டினாள். இரண்டு கையையும் ஆட்டினாள். குதித்துப் பார்த்தாள். தான் டீச்சருக்குச் சொன்ன வைத்தியத்தையெல்லாம் வரிசையாகச் செய்துபார்த்து, கடைசியில் நடு ஹாலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். சிரிப்பு சுவரில் மோதி வரவில்லை. மெத்தைக்குள் சிரித்த மாதிரி அங்கேயே அமுங்கியது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கணவனைக் கூப்பிட்டாள். போன் திரை விரலை ஏற்க மறுத்தது. ஈரக்கையோ என்று புடவையில் துடைத்துவிட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்த பிறகுதான் மணி போனது.

"குரலே கேக்கலையே, சத்தமாப் பேசு" என்றான் அவன். அவன் பின்னால் நாத்தனார் வீட்டுக் கூச்சல்.

"லாக் மாட்டிக்கிச்சுங்க. வெளிய போக முடியல. நீங்க சாவியோட வந்தாத்தான் உண்டு."

"உன் கம்பெனி லாக்குதானே? உன்கிட்டயே ஒரு கம்ப்ளெயிண்ட் குடு." சிரித்தான். "நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவோம். தூங்கணும்னு சொன்னேல்ல, தூங்கு. இந்தா, பாப்பா பேசணுமாம்."

"அம்மா" என்றது பாப்பா.

"சொல்லுடா கண்ணு."

"அம்மா?"

"சொல்லும்மா, கேக்குது."

"அப்பா, அம்மா பேசவே மாட்டேங்கறா" என்று சலித்துக்கொண்டு பாப்பா போனை வைத்துவிட்டாள்.

டவர் சரியில்லை என்று அவள் சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். தன் குரல் தனக்கே பக்கத்து அறையிலிருந்து வருவது போல் இருந்தது. கம்பெனி உதவி எண்ணைக் கூப்பிட்டாள். இசை ஓடியது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று அதே ஆஸ்பத்திரிக் குரல் சொல்லியது. மறுபடி இசை. காத்திருக்கிறவர்களின் கோபம் ஆறட்டும் என்று இந்த இசையை இழுக்கச் சொன்னதே அவளுடைய பிரிவுதான். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு ஒரு வழியாகத் தங்கச்சி எடுத்தாள்.

"தங்கச்சி, நான் அக்கா பேசறேன். என் வீட்டு லாக்—"

"ஹலோ, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க மேடம். லாக் உங்களை எண்ணலையா?"

"அக்காடீ. நான்தாண்டி."

"கொஞ்சம் நடமாடிக்கிட்டே இருங்க மேடம். அப்பத்தானே அதுக்குத் தெரியும்."

ஒரு எழுத்து பிசகாமல் அவள் சொல்லிக்கொடுத்த பதில். அவள் கத்தினாள். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். அந்தப் பக்கம் ஹலோ என்று ஒரு முறை. ஹலோ என்று இன்னொரு முறை. பிறகு போனின் வாயை அடைத்துக்கொண்டு, ஆனால் சரியாக அடைக்காமல், யாரிடமோ சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்டிக்கட்டை கேஸ். வெறும் இரைச்சல்." மூன்றாவது ஹலோவோடு இணைப்பு போனது.

அப்போதுதான் அவளுக்கு டீச்சரின் கடைசி அழைப்பு விளங்கியது. அந்த அம்மா பேசாமல் இருக்கவில்லை. பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இவளைப் போலவே போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய, இவள் மூன்று ஹலோ சொல்லி முடிக்கும்வரை. தங்கச்சியைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

மத்தியானத்துக்குள் போன் திரை அவள் விரலை அடியோடு மறந்துவிட்டது. கணவனின் அழைப்பு வந்து வந்து, அடித்து அடித்து, அவள் கைக்குள்ளேயே ஓய்ந்தது. மின்னடுப்பைத் தொட்டாள், எரியவில்லை. அலமாரியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்து பூட்டை அடித்தாள். முதல் அடிக்கு டங் என்று வீடே அதிர்ந்தது. அடுத்ததற்கு அவ்வளவு இல்லை. அடிக்க அடிக்கச் சத்தம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் தலையணையை அடிப்பது போல ஆனது. பூட்டின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. எதற்கும் அசையாது என்று விளம்பரத்தில் போட்டிருந்தது பொய்யில்லை. சுத்தியலை மறுபடி தூக்க முயன்றபோது அது தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி கனத்தது.

பால்கனிக்குப் போனாள். இரும்புக் கம்பிகளுக்கு அப்பால், ஐந்து மாடிக்குக் கீழே, வாட்ச்மேன் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ காரைக் கழுவுகிற சோப்பு வாடை மேலே வந்தது. அவள் கூப்பிட்டாள். யாரும் நிமிரவில்லை. எதிர் பால்கனியில் துணி உலர்த்த வந்தவள் நேராக இவளைப் பார்த்தாள், அல்லது இவள் இருந்த இடத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே ஒரு சட்டையை உதறி, கிளிப் மாட்டி, உள்ளே போனாள்.

புறா ஒன்று பறந்து வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது.

அவள் கை வைத்திருந்த இடத்தில். கையின் மேல்.

அதன் நகங்கள் குத்துவது அவளுக்குத் தெரியவில்லை. கனம் தெரியவில்லை. அது அலகால் இறகைக் கோதிக்கொண்டது.

அவளுக்குப் பயமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது. அறை அறையாக ஓடினாள். காலடிச் சத்தம் இல்லை. சோபாவில் உட்கார்ந்தாள், மெத்தை அமுங்கவில்லை. நேற்று வடிகட்டிய டீ டம்ளரின் அடியில் ஏடு கட்டி நின்றது. அதன் புளித்த வாடை மட்டும் நன்றாக வந்தது. எல்லாம் அவளுக்குக் கேட்டது, எல்லாம் தெரிந்தது. அவள்தான் எதற்கும் தெரியவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. பசியும் வரவில்லை. சற்றைக்கு ஒருமுறை, இருட்டில், கதவு அந்த அன்பான குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது.

"வீட்டில் யாரும் இல்லை."

நாளைக்குச் சாயங்காலம். பாப்பா வருவாள். பாப்பா பார்த்தால் போதும். பெற்றவளை ஒரு பிள்ளைக்குத் தெரியாமல் போகுமா? உலகமே மறந்தாலும் அவளுக்குத் தெரியும். "பாப்பா என்னைப் பாக்கணும், அவ்வளவுதான்" என்று சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் லிஃப்ட் கதவு திறந்தது. சாவி திரும்பியது. எஃகுத் தண்டு பின்வாங்கியது.

"வரவேற்கிறோம். வீட்டில் இருவர்."

வாசல் திறந்து கிடந்தது. அவளுக்கு வாசல் ஞாபகமே இல்லை. பாப்பாவின் முன்னால் போய் மண்டியிட்டு, அந்த வியர்த்த சின்ன முகத்துக்கு எதிரே தன் முகத்தை வைத்தாள்.

"அம்மா எங்கப்பா?" என்றாள் பாப்பா, அவள் முகத்தின் வழியாக.

கணவன் ஒவ்வொரு அறையாகப் பார்த்தான். கழிவறைக் கதவைத் தட்டினான். அவள் செருப்பைப் பார்த்தான், மேஜையில் கிடந்த போனைப் பார்த்தான், தரையில் கிடந்த சுத்தியலை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறிக்கொண்டே போனது. உதவி எண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"உங்க மூத்த மேடத்தோட வீட்டுக்காரர் பேசறேம்மா. லாக் மாட்டிக்கிச்சுன்னு நேத்து சொன்னா. இப்ப ஆளையே காணோம்."

"அக்காவா?" தங்கச்சியின் குரலில் உண்மையாகவே பதற்றம் இருந்தது. "இப்ப வீட்டுல எத்தனை பேர் சார் இருக்கீங்க?"

"நானும் பாப்பாவும்."

"லாக் எத்தனைன்னு சொல்லுது?"

"இருவர்னு."

"அப்ப லாக் சரியாத்தான் எண்ணுது சார். அதுல குறை இல்ல. அக்கா வெளியதான் போயிருக்கணும்."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பிறகு குனிந்து பாப்பாவின் தோளைத் தொட்டான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பாப்பா, நீ இங்கயே சமத்தா உக்காந்திரு. அப்பா கீழ போய் வாட்ச்மேன் மாமாகிட்ட கேட்டுட்டு, கேமராவுல பாத்துட்டு வந்துடறேன்."

வேண்டாம்.

அவன் சட்டையைப் பிடித்தாள். பிடி நிற்கவில்லை. அவன் குறுக்கே விழுந்தாள். அவன் நடந்தான். அவள் வழியாக நடந்தான். கூட்டிட்டுப் போங்க. அவளைத் தனியா விடாதீங்க. ஒருத்தரா விடாதீங்க. என்னங்க. என்னங்க.

அவன் கதவைத் திறந்தான்.

வெளியே ஓடிவிடலாம். வராந்தா வெளிச்சம் தெரிந்தது. ஒரு எட்டு. அவள் ஓடவில்லை. திரும்பி வந்து பாப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தாள். அந்தக் கை பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

லிஃப்ட் இறங்கும் சத்தம்.

நீல விளக்கு எரிந்தது. சற்று யோசித்தது.

"வீட்டில் யாரும் இல்லை."

எஃகுத் தண்டு நகர்ந்து போய் உட்கார்ந்தது.

பாப்பா பூட்டைப் பார்த்தாள். "நான் இருக்கேன்" என்றாள். பிஸ்கெட்டைக் கடித்தாள். முதலில் நொறுங்கும் சத்தம் கேட்டது. அடுத்த கடிக்கு அவ்வளவு கேட்கவில்லை.

அவளுக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. வளர்ந்த உடம்பு. இது சின்ன உடம்பு. இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவன் கீழே போய், கேட்டு, பார்த்து, சாவியோடு திரும்பி வர எவ்வளவு நேரம்? அவள் காதை லிஃப்ட் பக்கம் வைத்தாள். ஒன்றும் இல்லை. பாப்பா சோபாவில் ஏறி உட்கார்ந்தாள். மெத்தை அமுங்கியது. காலை ஆட்டினாள். ஷூ சோபாவில் இடித்தது. டொக். டொக். டொக். அப்புறம் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. டொக் இல்லை.

மெத்தை மெல்ல மேலே எழும்பியது.

அவள் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தாள். சுவரில் முதுகைச் சாத்தினாள். மூச்சை அடக்கினாள். என்னைப் பாக்காதே. என் கண்ணே, பாக்காதே. உனக்கு நான் தெரியக் கூடாது. எப்பவும் தெரியக் கூடாது.

பாப்பா பிஸ்கெட்டைக் கீழே வைத்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல். மேஜை. அம்மாவின் போன். சுவர்.

சுவரில் அவள் பார்வை நின்றது.

உதட்டில் ஒட்டியிருந்த பிஸ்கெட் தூளோடு முகமெல்லாம் மலர்ந்தது.

"அம்மா" என்றாள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. "இங்கதான் இருந்தியா?"